வெள்ளைப்பூப் பட்டியலில் என் பெயர்

என் பெயருக்கு நேரே ‘வெள்ளை’ என்று என் மாமியார் எழுதிக்கொண்டார். என்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. எனக்கு ஒன்பது வயதாகும்போதே என் அம்மா மஞ்சள்காமாலையில் செத்துப்போனார் என்றுதான், நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அவருக்குத் தெரியும். நான் அடுப்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வந்ததற்கு வெங்காயம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

என் அம்மா அந்த நேரத்தில் சரவணம்பட்டியில் உயிரோடு இருந்தார். ஒரு கல்லூரி விடுதியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. எங்களுக்குச் சோமனூருக்குப் பக்கத்தில் ஊர். மாமனார் காலம் வரைக்கும் தோட்டங்களில் கூலி வேலை. என் கணவர் காலத்தில் எட்டுத் தறி போட்டு, கூலிக்கு நெய்துகொடுத்தோம். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். வீட்டு வேலை போக மீதி நேரத்தில் தறிக்குத் தார் சுற்றுவேன், அதாவது ஊடை நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. கர்த்தருடைய நாளில் வேலை கூடாது என்று மாமனார் வைத்த பழக்கம். அவர் போன பிறகும் மாமியார் அதை விடவில்லை. கோயிலில் பெண்கள் சங்கத்துக்கு மாமியார்தான் தலைவி. அவர் வாயிலிருந்து ஒரு பொய் வந்து நான் கேட்டதில்லை. அதுதான் எனக்குப் பயம்.

அந்த வருடம் எங்கள் கோயிலுக்குப் புதிதாக ஓர் ஆயர் வந்திருந்தார். அவர் மனைவி ஆயரம்மா நாலெழுத்துப் படித்தவர், பத்திரிகை எல்லாம் வரவழைத்துப் படிப்பவர். ஏப்ரல் மாதக் கடைசியில் பெண்கள் கூட்டத்தில் அவர்தான் சொன்னார், மே மாதம் இரண்டாவது ஞாயிறு அன்னையர் ஞாயிறு என்று. எங்களில் யாரும் அதுவரைக்கும் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதில்லை. அமெரிக்காவில் ஒரு தாயார், சண்டைக் காலத்தில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பார்க்காமல் காயம்பட்டவர்களுக்கு மருந்து போட்டாராம். அவர் இறந்த பிறகு அவருடைய மகள், அம்மாவுக்குப் பிடித்த வெள்ளைப் பூவைக் கோயிலுக்கு வந்த எல்லோருக்கும் கொடுத்தாளாம். அதிலிருந்து வந்த பழக்கம்தான், அம்மா உயிரோடு இருப்பவர்கள் சிவப்புப் பூவும் அம்மா இறந்தவர்கள் வெள்ளைப் பூவும் சட்டையில் குத்திக்கொள்வது. அந்த மகள் கல்யாணமே செய்துகொள்ளாதவள் என்று ஆயரம்மா சொன்னதும் பின்னாலிருந்து ஒரு குரல், “அதானுங்க அவளுக்கு அம்மாள நெனைக்க நேரம் இருந்துருக்குது” என்றது. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அதற்கும் முன்னால் இங்கிலாந்தில் ஒரு வழக்கம் இருந்ததாம். லெந்து என்கிற நோன்பு நாட்களுக்கு நடுவில் ஒரு ஞாயிறு, பெரிய வீடுகளில் வேலைக்கு நிற்கும் சின்னப் பெண்களை அம்மாவைப் பார்த்துவர விடுவார்களாம். போகிற வழியில் வேலியோரம் பூத்திருப்பதைப் பறித்துக்கொண்டு போவார்களாம். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அவர்களுக்கு அம்மா. ஆயரம்மா இதைச் சும்மா ஒரு தகவலாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். எனக்கு அதற்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை. நானும் அப்படித்தான் மூன்று வருடமாகப் போய்க்கொண்டிருந்தேன். என்னை யாரும் விடவில்லை. துணி எடுக்க, பிள்ளைக்கு மருந்து வாங்க என்று ஏதாவது பொய் சொல்லிவிட்டுப் போனேன்.

கூட்டத்தில் பெரிய சச்சரவு வந்தது வேறு விஷயத்துக்கு. குழப்பம் வராமல் இருக்க அன்றைக்கு யாரும் தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு வர வேண்டாம் என்றார் ஆயரம்மா.

“ஏனுங்க ஆயரம்மா, பூ இல்லாம மொட்டைத் தலையோட கோயலுக்கு வந்தா, ஊட்டுக்காரருக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு ஊரே துக்கம் கேக்க வந்துருமுங்க.”

“எங்கம்மா குத்துக்கல்லாட்டம் இருக்கறாங்க. நான் மல்லிப்பூ வெச்சா அவங்க செத்துட்டாங்கன்னு அர்த்தமுங்களா? நல்ல கூத்தா இருக்குது.”

கடைசியில் என் மாமியார்தான் எழுந்து முடித்துவைத்தார். “தலையில இருக்கறது புருசனுக்கு. ஊக்குப் போட்டு நெஞ்சுல குத்தறது பெத்தவளுக்கு. தலைய யாரும் பாக்க மாட்டாங்க, நெஞ்சத்தான் பாப்பாங்க. செரிங்களா?” எல்லோரும் சரி என்றார்கள். மாமனார் போன பிறகு பூவையே தொடாதவர் அவர். வீட்டுக்கு வந்து யாருக்கு எந்தப் பூ என்று பட்டியல் போடும்போது, தனக்கும் ஒரு வெள்ளைப் பூ உண்டு என்று எழுதுகையில் அவர் கை கொஞ்சம் நின்றதை நான் பார்த்தேன்.

என் அம்மா விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பா குடிப்பார், அடிப்பார். ஒரு நாள் காலையில் அம்மா தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு போனார். குடம் மட்டும் குழாயடியில் இருந்தது. லாரி ஓட்டுகிறவனோடு போய்விட்டாள் என்று ஊர் சொன்னது. என்னை வளர்த்தது அப்பாவின் அக்கா. எனக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தபோது, ஓடிப்போனவள் பெண் என்றால் யார் கட்டுவார்கள் என்று பயந்து, அவர்தான் மஞ்சள்காமாலை என்று சொன்னார். நான் காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். பத்தொன்பது வயது. வாயைத் திறக்கவில்லை. வந்தவர் என் மாமியார். என் கன்னத்தைத் தொட்டு, “தாயில்லாப் புள்ளை, நான் பாத்துக்கறேன்” என்றார். அவர் சொன்னபடியே பார்த்தார். என் இரண்டு பிரசவத்தையும் அவர்தான் பார்த்தார். தாய்வீடு செய்ய வேண்டியதையெல்லாம் மாமியார் செய்தார். பதினோரு வருடம். ஒவ்வொரு நாள் சாயங்கால ஜெபத்திலும் அவர் என்னை “இந்தத் தாயில்லாப் பிள்ளை” என்று சொல்லித்தான் ஜெபித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கருமத்தம்பட்டி பஸ் நிறுத்தத்தில் ஓர் அம்மாள் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. அப்பா வீசிய சொம்பு பட்ட இடம். அன்றைக்கு நாங்கள் பேசியது பத்து நிமிடம்தான். நான் யாரோடும் போகவில்லை, பாலக்காட்டில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றேன் என்று அம்மா சொன்னார். நான் நம்பினேன். நம்பாவிட்டாலும் அவர் என் அம்மாதான்.

ஆக, இப்போது எனக்கு இருந்தது ஒரே கேள்வி. வெள்ளையைக் குத்திக்கொண்டால் உயிரோடு இருக்கிற அம்மாவைப் பீடத்துக்கு முன்னால் என் கையாலேயே சாகடிக்கிறேன். சிவப்பைக் குத்திக்கொண்டால் பதினோரு வருடப் பொய் வெளியே வரும். இந்த வீட்டில் எனக்கு என்ன இடம் இருக்கும் என்று தெரியாது. கல்யாணத்துக்குச் சொன்னது என்னை வளர்த்த அத்தையின் பொய், நான் சும்மா நின்றேன், அவ்வளவுதான் என்று இத்தனை நாள் மனதை ஆற்றிக்கொண்டிருந்தேன். ஊக்கை என் கையில் கொடுத்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது. இரண்டு வாரம் இப்படியே போயிற்று. தார் சுற்றும்போது நூல் அறுந்துகொண்டே இருந்தது. “உன்ற கவனம் எங்க புள்ள இருக்குது?” என்று கணவர் இரண்டு தடவை கேட்டார்.

சனிக்கிழமை காலையில் மாமியாரே என்னைக் கோயமுத்தூர் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பினார். சிவப்பு ரோஜா நாற்பத்தாறு. வெள்ளைக்குக் கோயிலைச் சுற்றியே நந்தியாவட்டை பூத்துக் கிடந்தது. ரோஜாவை வாங்கி ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு, ஊருக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு நான் சரவணம்பட்டி பஸ்ஸில் ஏறினேன்.

கோடை விடுமுறையில் விடுதி பூட்டியிருந்தது. சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் அம்மா இருந்தார். காவலுக்கு இருக்கச் சொல்லியிருந்தார்கள். என் மடியில் இருந்த பூவைப் பார்த்துவிட்டு, “யாருக்குங் கண்ணு கண்ணாலம்?” என்றார். நான் சொன்னேன். சிவப்பு, வெள்ளை, பட்டியல் எல்லாம். சொல்லி முடிக்கும்வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு ரோஜாவை எடுத்து, அதன் முள்ளை நகத்தால் ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“வெள்ளையவே குத்திக்கோ சாமி.”

“எப்படிம்மா?”

“எப்படின்னா? நாந்தான் அன்னைக்கே செத்துட்டனே. மஞ்சக்காமாலைல. நல்ல சாவுதான், வலிக்காத சாவு.” சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். “இங்க பாரு. ஒருக்கா உன்ன விட்டுப்போட்டுப் போனேன். அதுக்கு நான் அழுதது எனக்குத்தான் தெரியும். இப்ப என்னால உன்ற ஊடு போச்சுன்னா, ரெண்டாந்தரமும் உன்னக் கெடுத்தவளா ஆயிருவேன். வேண்டாங் கண்ணு. நீ வெள்ளை குத்திக்கறதுதான் எனக்கு மரியாதை.”

முள் கிள்ளிய ரோஜாவை மறுபடி துணிக்குள் வைத்தார். பஸ் ஏற்றிவிட வரவில்லை. யாராவது பார்ப்பார்கள் என்றார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் ஜெபம் பண்ணினேன். பதில் ஒன்றும் வரவில்லை. தாய் தகப்பனைக் கனம்பண்ண வேண்டும் என்கிறது கட்டளை. பொய் சொல்லக் கூடாது என்பதும் கட்டளை. வெள்ளைப் பூவைக் குத்தச் சொன்னதோ என் தாயே. தாய் சொல்லை மீறினால்தான் தாயைக் கனம்பண்ண முடியும் என்கிற இடத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினால் நான் எட்டாவது படித்தவள் என்ன செய்வேன் ஆண்டவரே என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள், “ஏனம்மணி, மேலுக்குச் சொகமில்லீங்களா?” என்று தண்ணீர் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் மாமியார் இரண்டு தட்டோடு நின்றார். ஆயரம்மா ஊக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் கணவர் முன்னால் போனார். அவருக்குச் சிவப்பு. பெற்ற தாயே தன் கையால் மகனுடைய சட்டையில் ரோஜா குத்துவதைப் பார்த்து நாலு பேர் கேலி செய்தார்கள். “ஏனுங்க, உங்களுக்கு நீங்களே பூ குடுத்துக்கறீங்களா?” மாமியார் வெட்கப்பட்டார். அவர் அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். அவருடைய வெள்ளைச் சேலையில் நந்தியாவட்டை இருக்கிற இடமே தெரியவில்லை.

எனக்கு முன்னால் இரண்டு பேர். பிறகு ஒருவர். பிறகு நான்.

நந்தியாவட்டையை எடுத்து நீட்டினார். “இந்தா கண்ணு.”

கை நீட்டத்தான் நினைத்தேன். கடைசி நிமிடம் வரைக்கும் வெள்ளை என்றுதான் முடிவு செய்திருந்தேன். கை எழவில்லை.

“எனக்குச் செவப்புக் குடுங்க அத்தை.”

அவர் நான் பராக்குப் பார்த்துக்கொண்டு பேசுவதாக நினைத்தார். “செவப்பு, அம்மா இருக்கறவங்களுக்குக் கண்ணு.”

“தெரியுமுங்க அத்தை.”

“தெரிஞ்சா?”

“இருக்கறாங்க அத்தை. எங்கம்மா உசுரோட இருக்கறாங்க.”

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மாமியாருடைய முகத்தில் முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு நிறம் மாறியது. நீட்டிய நந்தியாவட்டை அப்படியே நின்றது. ஆயரம்மாவுக்கு ஒன்றும் புரியாமல், “செவப்புதானே, குடுங்க, நேரமாச்சு” என்றார். மாமியார் வெள்ளையைத் தட்டில் போட்டார். சிவப்பை எடுத்தார். குத்தவில்லை. என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, எனக்கு அடுத்து நின்றவளைப் பார்த்து, “வா அம்மணி” என்றார்.

நானேதான் குத்திக்கொண்டேன். ஊக்கு விரலில் ஏறியது. ஆராதனை முழுதும் ஆண்கள் பக்கத்திலிருந்து என் கணவர் என் சேலையில் இருந்த சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா இல்லாதவர்கள் எழுந்து நின்று நன்றி சொல்லுங்கள் என்று ஆயர் சொன்னார். மாமியார் எழுந்தார். நான் உட்கார்ந்திருந்தேன். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவர் எழுந்தபோது நான் அவரோடு எழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டது ஒன்றுதான். “ஊருக்குச் சொல்லாட்டிப் போவுது. எனக்குக்கூடச் சொல்லத் தோணுலியா புள்ள?” சாப்பிடாமல் தறிக்குடோனுக்குப் போய், ஓடாத தறிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

மாமியார் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குடம், சொம்பு, பாலக்காடு, பஸ் நிறுத்தம், நேற்றுப் பூவோடு போனது வரைக்கும். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“மொதப் பிரசவத்துல நீ அம்மா அம்மான்னு கத்துனியே, உன்ற வாயில தண்ணிய விட்டுட்டு நான் என்ன சொன்னேன், நெனப்பிருக்குதா?”

“‘இனி நாந்தான் அம்மா’ன்னீங்க.”

“அப்ப நீ என்ன நெனைச்சே?”

அவர் சத்தமே இல்லாமல் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை, மாமனார் அடக்கத்தன்றைக்குக்கூட. “பொய்யின்னு தெரிஞ்சிருந்தாலும் உன்னக் கட்டிட்டுத்தான் வந்திருப்பேன்னு சொல்ல எனக்கு வாய் வரமாட்டேங்குது. அது ஆண்டவருக்குத் தெரியும். மாட்டேன்னு போயிருப்பேனோ என்னமோ. ஆனா தெனமும் அவருகிட்ட என்னையப் பொய்யச் சொல்ல வெச்சுப்போட்டியே அம்மணி.”

அதுதான் அவருக்கு ஆறவில்லை. ஒரு வாரம் சாயங்கால ஜெபம் அவர் சொல்லவில்லை. கணவரைச் சொல்லச் சொன்னார். கணவர் மூன்று வரியில் முடித்தார். வெளியே, என் அம்மா யாரோடு ஓடினாள் என்று ஆராய்ச்சி நடந்தது. தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நிற்கும். நான் என் துணிகளை ஒரு பையில் எடுத்துவைத்தேன், போ என்று சொன்னால் போகிறதற்கு. யாரும் போ என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் காலையில் மாமியார் குழம்பைத் தாளித்துக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

“ஆஸ்டலு லீவுன்னியே. சோத்துக்கு என்ன பண்றாங்க அந்தம்மா?”

“காவலுக்கு இருக்கறாங்க. ஏதோ பொங்கிக்கறாங்க அத்தை.”

“கோயலுக்குப் போறதில்லையா?”

“ஊட்ட உட்டுப் போன நாளுல இருந்து போகலீங்க. எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறதுன்னு.”

கறிவேப்பிலையை உருவிப் போட்டார். “ஊட்டுக்கு வர வேண்டாம். எனக்கு இன்னும் மனசு வரல. ஆனா கோயலு எனக்குச் சொந்தமில்லை. வரட்டும்.”

நான் போய்ச் சொன்னபோது அம்மா வரமாட்டேன் என்றார். நான் கெஞ்சினேன். உன் மாமியார் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கூப்பிட்டாலும் வரமாட்டேன், அந்தம்மா தாயாக இருந்து பார்த்த பிள்ளையை நான் பங்கு கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்றார். மூன்று ஞாயிறு போயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் நான் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். மாமியார் கதவைப் பார்க்காமல் இருப்பதற்குச் சிரமப்படுவார்.

நாலாவது ஞாயிறு இரண்டாம் பாட்டுக்கு எழுந்து நிற்கும்போது, ஜன்னல் வழியாக வெளிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு நீலச் சேலையைப் பார்த்தேன். தலையில் முக்காடு. உள்ளேயும் வராமல் திரும்பியும் போகாமல் நல்ல வெயிலில் நின்றிருந்தார். என் கணவரும் பார்த்துவிட்டார். நான் நகர்வதற்குள் மாமியார் பாட்டுப் புத்தகத்தை என் கையில் திணித்துவிட்டு வெளியே நடந்தார்.

பாட்டு நடந்துகொண்டிருந்தது. மண்ணில் மாமியாருடைய செருப்பில்லாத கால் வேகமாகப் போவதைப் பார்த்தேன். கதவுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அம்மா. மாமியார் ஏதோ சொன்னார். அம்மா தலையைக் குனிந்தார். அவ்வளவு பேர் பார்க்கிறார்களே, என்ன சொல்கிறாரோ, திருப்பி அனுப்புகிறாரோ என்று ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்த்தேன். பிற்பாடு அம்மாவிடம் கேட்டேன். “‘வெயில்ல நிக்காதீங்க’ன்னாங்க. நான் ‘பரவால்லீங்க’ன்னேன். ‘எனக்கு நிக்க முடியல, காலு சுடுது, வாங்க’ன்னாங்க.” அவ்வளவுதானாம்.

மாமியார் முன்னால் வந்தார். பின்னால் அம்மா. பெண்கள் பக்கத்துப் பாயில் மாமியார் தன் இடத்தில் வந்து நின்றார். அம்மா ஓர் ஆள் இடம் விட்டு, ஓரமாக நின்றார். பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் அப்படியே இருந்தது. அதில் போய் உட்கார்ந்தால் யாருக்கு மனம் நோகும், உட்காராவிட்டால் யாருக்கு நோகும் என்று தெரியாமல் நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டேயிருந்தேன்.

மாமியார் நிமிர்ந்து பார்க்காமல் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

“உக்காரு அம்மணி. பின்னால இருக்கறவங்களுக்கு மறைக்குது.”